நீலப் பக்கெட்

பொரித்த தின்பண்டங்களில் எனக்கு ஒருபோதும் ஆசை இருந்ததில்லை. ஆசையால் எதையும் செய்யவில்லை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்துபோன இரண்டாம் வாரம், கல்முனைப் பள்ளிக்கூடமொன்றில் இருந்த முஸ்லிம் அகதி முகாமுக்கு நான்தான் களஞ்சியப் பொறுப்பு. முகாம் தலைவர் அப்துல் ஸமட். எங்களில் யார் மூத்தவர் என்று இன்றுவரை தெரியாது. அவர் என்னை அண்ணன் என்பார், நான் அவரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில், காக்கா என்பேன்.

ஒரு லொறியில் வெளிநாட்டுப் பெட்டிகள் வந்தன. உள்ளே தின்பண்டப் பொட்டலங்கள், நீலப் பக்கெட்டும் சிவப்புப் பக்கெட்டும். எழுத்து ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒன்று பொரித்த பன்றித்தோல், மற்றது இறைச்சியே கலக்காத மாப்பொரியல், எது எதென்று தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சாரதி போய்விட்டார்.

"ரெண்டையும் குழி வெட்டித் தாட்டுருவமா காக்கா?"

"புள்ளைகள் பருப்பத் திண்டு திண்டு வெறுத்துப் போய்க் கிடக்குகள் அண்ணே. நீங்க தமிழாக்கள், பண்டிர ருசி தெரியும்தானே. ஒருக்கா வாயில வெச்சுப் பாத்துச் சொல்லுங்க."

நான் வீரமுனைக் கோயில் குடும்பம். பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வீடும் போன பிறகு என்னிடம் அபிப்பிராயம் கேட்ட முதல் மனிதர் அவர். கதிரை போட்டார்கள். நாற்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சிவப்பு, நனைந்த கடதாசி போலிருந்தது. நீலம் நாக்கில் பட்டதும் கரைந்தது. இவ்வளவு நல்ல ருசி பன்றியில் இருக்க நியாயமில்லை என்று தீர்மானித்தேன்.

"நீலம் சுத்தம் காக்கா. சிவப்பத் தாட்டுப் போடுங்க."

"அண்ணன் ஓம் எண்டா ஓம்தான். அது நாக்கில்ல, தராசு."

ஸமட்டின் கடைசி மகள் நிப்லா, தாயைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவள். அன்று பிஸ்மில்லாஹ் சொல்லி மூன்று நீலப் பக்கெட் தின்றாள். ஸமட் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பத்து நாள் கழித்து ஒரு வெளிநாட்டுத் தாதி வந்தார். நீலப் பக்கெட்டை வாசித்துவிட்டு, விரலால் மூக்கு நுனியை மேலே தூக்கி உறுமிக் காட்டினார். எனக்கு விளங்கியது. வேறு யாரும் பார்க்கவில்லை. அன்று பின்னேரமே கோயில் கிணற்றில் தலைமுழுகி, எனக்குரிய பரிகாரத்தைச் செய்துகொண்டேன்.

பதினேழு பெட்டி மீதியிருந்தது. நிறுத்தினால் ஸமட் காரணம் கேட்பார். காரணம் தெரிந்தால் உடைந்துபோவார். மனைவியை இழந்த மனிதருக்கு அந்தத் தொந்தரவு வேண்டாமென்று நினைத்தேன். பதினேழையும் என் கையாலேயே பங்கிட்டேன். ஓரவஞ்சனை கூடாதென்று பெரியவர்களுக்கும் கொடுத்தேன். இன்னும் என்ன வேண்டும் என்று நிவாரணக்காரர் கேட்டபோது, பிள்ளைகளின் விருப்பத்தை மதித்து, நீலம் என்று எழுதிக் கொடுத்தேன்.

யுத்தம் முடிந்த வருடம் ஸமட் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். போகுமுன் தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். என் வாசலுக்கும் வந்தார்.

"அண்ணே, முகாமில ஒரு நாள், நீங்க பக்கெட்ட வெளிய விக்கிறீங்களோ எண்டு மனசுக்குள்ள சந்தேகப்பட்டுட்டன். அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்யுங்க."

என் நேர்மையை அவர் சந்தேகித்திருக்கிறார். உள்ளே போய் ஆறுதலாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவர் தலை குனிந்து நின்றார்.

பிறகு, மனம் இரங்கி, மன்னித்தேன்.