உள்ளே கேட்ட இரண்டு குரல்களும் என்னுடையவை

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண் ஆகியவை இந்தத் தாளின் மேல்பகுதியில் எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்தொன்று. தொழில், பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். கடைத்தெருவில் வாளிக்கடை அம்மா என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். மருத்துவமனையின் பெண்கள் பிரிவில் படுக்கையில் இருந்தபடி, பெண் உதவி ஆய்வாளர் கேட்க, எழுத்தர் எழுத, சுயநினைவோடு இதைச் சொல்கிறேன்.

என் நாத்தனாரை, அதாவது இறந்துபோன என் கணவரின் தங்கையை, காவலில் வைத்திருப்பது இன்று காலையில்தான் எனக்குத் தெரிய வந்தது. அவள் என்னை மாடி அறையில் அடைத்து வைத்து, உள்ளே புகுந்து அடித்து, கடையை எழுதி வாங்கப் பார்த்தாள் என்று என் அண்ணன் கொடுத்திருக்கும் புகாரைப் படித்துக் காட்டினார்கள். அதில் பூட்டினாள் என்பது மட்டும் உண்மை. பூட்டச் சொன்னவள் நான்.

நான் நடைபாதையில் தார்ப்பாய் விரித்து, டப்பா இல்லாத மூடிகளையும் மூடி இல்லாத டப்பாக்களையும் விற்று மேலே வந்தவள். கணவர் இறந்தபோது கடைக்குக் கதவுகூட வைத்திருக்கவில்லை. அதன் பிறகு நாத்தனார் என்னோடுதான் இருக்கிறாள், கல்லாவில் அவள்தான் உட்காருகிறாள். மாதச் சம்பளம் வாங்குகிறாள். கடையில் பங்கு கிடையாது, கேட்டதும் கிடையாது.

எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. ஒரு மாதம் வரும், அதன் பிறகு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது, வந்தால் சுலபத்தில் நிற்காது. வருவதற்கு முந்தைய நாட்களில் மார்பு கனக்கும், கால் வீங்கிச் செருப்பு ஏறாது, டியூப் லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தும். இவை பொறுக்கக்கூடியவை. மனதுக்கு நடப்பதுதான் பொறுக்க முடியாதது. நேற்றுவரை சிரித்துப் பேசிய ஆள் இன்று என்னைக் கவிழ்க்க வந்தவனாகத் தெரிவான். பிறகு அந்த எண்ணம் என் மேலேயே திரும்பும். நீ எதற்கு இருக்கிறாய் என்று கேட்கும். விலக்கு வந்ததும் எல்லாம் தெளிந்துவிடும், அழுதது யார் என்று எனக்கே விளங்காது. மற்ற பெண்கள் தேதி பார்த்துத் தயாராக இருக்கலாம். எனக்குத் தேதியே இல்லாததால், வந்திருப்பது அதுதானா அல்லது என் வாழ்க்கை நிஜமாகவே நாசமாகிவிட்டதா என்பது ரத்தத்தைப் பார்க்கும்வரை தெரியாது.

முதலில் பார்த்த மருத்துவர், "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானேம்மா, கடையை விட்டுட்டு ரெஸ்ட் எடுங்க" என்றார். கடையை விட்டால் அவரா வந்து வாளி விற்பார். அதன் பிறகு பார்த்த பெண் மருத்துவர் இது நோய்தான் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அதில் குணம் தெரிந்தது. சரக்கு எடுக்க வெளியூர் போன இடத்தில் விட்டுப்போயிற்று, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நானும் தொடரவில்லை.

அதன் பிறகு ஒருநாள் பட்டப்பகலில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், காலை வெளிப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏறியது நினைவில்லை. துணி எடுக்க வந்த நாத்தனார் கத்தவில்லை. பக்கத்தில் வந்து நின்று, "அண்ணி, கீழ ஒருத்தர் குடம் கேக்குறாரு. மொத்தமா எடுத்தா குறைப்பீங்களான்னு கேக்குறாரு" என்றாள். "யாரு, எவ்வளவு வேணுமாம்" என்று கேட்டபடியே நான் காலை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். கீழே போய்ப் பார்த்தால் யாரும் இல்லை.

விலக்கு வந்து தெளிந்த பிறகு, மாடியில் சரக்கு போட்டிருந்த அறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, உள்ளேயே குளியலறை இருப்பதால் குழாயைச் சரிபார்த்து, கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் அடிக்கச் செய்தேன். கதவின் அடியில் சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு அறுக்கச் சொன்னேன். பூட்டும் நான் வாங்கியதே. சாவியை நாத்தனாரிடம் கொடுத்து, "உள்ள இருந்து நான் என்ன சொன்னாலும் திறக்காத. நான் பேசியே ஆளைக் கவுக்கிறவ" என்றேன்.

"அப்போ எப்பதான் திறக்கிறது? நான் என்ன ஜோசியக்காரியா?" என்றாள்.

விலக்கு வந்துவிட்டது என்று நான் வாயால் சொன்னால் நம்பக் கூடாது, வெளியே வருவதற்கு அதைத்தான் முதலில் சொல்வேன். ஆகையால் அவள் கதவுக்கு வெளியே நின்று வாடிக்கையாளர் மாதிரி அடிமாட்டு விலைக்குக் கேட்க வேண்டும், நான் பேரம் பேசினால் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். ஏசினாலோ, அழுதாலோ, சும்மா எடுத்துக்கொண்டு போ என்றாலோ திறக்கக் கூடாது. பேரம் பேசுவதுபோல் நடிக்க முடியாதா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். முடியாது. அந்த நாட்களில் எந்தப் பொருளுக்கும் விலை இருப்பதாகவே எனக்குத் தோன்றாது.

பலமுறை இது சரியாக நடந்தது. "ஏம்மா, இந்த வாளி பாதி விலைக்கு வருமா?" என்பாள். "பாதி விலைக்குக் கைப்பிடிதான் வரும்" என்பேன். "வெறும் கைப்பிடிய வச்சு நான் என்ன பண்றது?" என்பாள். "உன் வாயில மாட்டிக்கோ" என்றதும் பூட்டைத் திறந்துவிடுவாள்.

மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில், அறைக்குள் இருக்கும்போது, ஒருத்தி என்னைக் கட்டைக் குரலில் திட்டுவாள். நான் பதில் சொல்வேன். திட்டுவதும் பதில் சொல்வதும் நான்தான் என்பது அப்போதே தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியாது. எதிராளிக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்துப் பேசுவது என் தொழில். அவளும் அதே தொழில்காரி. நான் வெறும் மூடி விற்ற காலத்திலிருந்து அவளுக்கு என்னைத் தெரியும்.

இம்முறை சில மாதங்கள் விலக்கு வராமல் இருந்து, அதன் பிறகு ஒரு மதியம் கடையில் எழுந்தபோது செருப்பு காலில் ஏறவில்லை. நானே மாடிக்குப் போய் அறைக்குள் உட்கார்ந்தேன். நாத்தனார் பூட்டினாள். அதன் பிறகு சில நாட்கள் தட்டு உள்ளே வந்தது, பாதி சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக வெளியே போனது. அந்த நாட்களில் உள்ளே பேச்சு அதிகமாக இருந்தது. அந்த அறைக்கும் பக்கத்துக் கட்டடத்தில் தைக்கும் தையற்காரருடைய அறைக்கும் ஒரே சுவர். "உன்னால யாருக்குடி லாபம்?" என்று ஒரு பெண் கேட்டதாகவும், "என்னை விட்டுடு" என்று இன்னொரு பெண் அழுததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வார்த்தைகள் சொல்லப்பட்டன.

அதன் பிறகு விலக்கு வந்தது. மனம் தெளிந்தது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. கட்டில் விரிப்பை மடித்து வைத்தும் போதவில்லை. எழுந்து கதவுவரை போகப் பார்த்து, பாதி வழியில் தரையில் உட்கார்ந்தேன். வழக்கம்போல் நாத்தனார் வெளியே வந்து நின்று, "ஏம்மா, ஒரு டஜன் வாளிய ஒரு வாளி விலைக்குத் தருவியா?" என்றாள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரியும். நாக்கு எழவில்லை. "எடுத்துட்டுப் போ" என்று மட்டும் வந்தது.

அதன் பிறகு, "சரி அண்ணி. அவசரம் ஒண்ணும் இல்ல. நான் இங்கயேதான் இருக்கேன்" என்றாள். கதவில் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. ரத்தம் போகிறது என்று சொல்ல முயன்றேன். சொன்னேனா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் நான் போட்ட ஏற்பாட்டின்படி அவள் அதை நம்பக் கூடாது. கதவின் அடியில் அறுத்த இடத்தில் அவளுடைய புடவை நுனி தெரிந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்ற தூரம். கை போகவில்லை. அதன் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.

சண்டை கேட்டுக்கொண்டிருந்த அறையில் திடீரென்று அரவமே இல்லாமல் போனதால் தையற்காரர் பயந்து என் அண்ணனுக்குத் தகவல் கொடுத்ததாகவும், அண்ணன் காவலர்களோடு வந்ததாகவும், கதவடியில் உட்கார்ந்திருந்த நாத்தனாரை விலக்கிவிட்டுப் பூட்டை உடைத்ததாகவும் அறிகிறேன். உள்ளே கிடந்த ரத்தத்தைப் பார்த்ததும் அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டதாகவும், கேட்டபோது "நான்தான் பூட்டினேன்" என்று மட்டும் சொல்லி மற்றதற்கு வாய் திறக்கவில்லை என்றும் உதவி ஆய்வாளர் சொன்னார். அவள் திறக்கமாட்டாள். இந்த விஷயம் கடைத்தெருவுக்குத் தெரிந்தால் ஒருவனும் என் பேச்சை நம்பிச் சரக்கு இறக்கமாட்டான், யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

இன்று காலை அண்ணன் வந்து கட்டிலருகே உட்கார்ந்து, "நீ கண்டதையும் உளறாத பாப்பா. அவ உள்ள வந்து அடிச்சான்னு சொல்லு, கடையை நான் பாத்துக்கறேன். நீயே பூட்டிக்கிட்டேன்னு சொன்னா உன்னைப் பைத்தியம்னுடுவாங்க, அப்பவும் நான்தான் பாத்துக்கணும்" என்றார். "எப்படிச் சுத்தி வந்தாலும் கடை உங்க கிட்டதானே வந்து நிக்குது அண்ணே" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

என் உடம்பில் அடித்த காயம் எதுவும் இல்லை என்றும், ரத்தம் கருப்பையிலிருந்து போனது என்றும் இங்குள்ள மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் இரண்டாவது பெண் யார், அவளும் அறைக்குள் இருந்ததாகத்தானே சாட்சி இருக்கிறது என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அறைக்குள் நான் மட்டும்தான் இருந்தேன், இரண்டு குரல்களும் என்னுடையவை என்று சொன்னேன். அந்தக் குரலில் இப்போது பேசிக் காட்ட முடியுமா என்று கேட்டார். முடியாது, அவள் கூப்பிட்டு வருகிற ஆள் இல்லை என்றேன். இனியும் வருவாளா என்று கேட்டார். மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள், விடாமல் சாப்பிட்டால் குறையும் என்கிறார்கள், சாப்பிடுகிறேன். ஆனால் வரமாட்டாள் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

எழுதியதைப் படித்துக் காட்டியபோது ஓரிடத்தில் "மனநிலை தவறும் சமயங்களில்" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில்" என்று எழுதச் சொன்னேன். எழுத்தர் தயங்கி, "கோர்ட்ல எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிப்பாங்கம்மா. உங்க கடைத்தெரு ஆளுங்களும் வருவாங்க" என்றார்.

"வாசிக்கட்டும். என் நாத்தனாரும் அங்க நின்னு கேப்பா இல்ல" என்றேன். எழுதினார்.

யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ இதைச் சொல்லவில்லை. முழுவதும் படிக்கக் கேட்டேன், நடந்தது நடந்தபடியே இருக்கிறது. வலது கையில் மருந்து ஏறிக்கொண்டிருப்பதால், அடித்துத் திருத்திய இடத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.