மாத்தலேனாவோட கட்டைக் குரல்

…கொசுவைப் பிடிச்சு டப்பாவுல அடைச்சாப்புல கத்துது ஆன்ட்டி, இதுக்குப் பேரு ‘அரிய பாடல்கள், புதிய பதிப்பு’! இருங்க, பையைக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன். அம்மாடி, இவ்வளவு சேப்பங்கிழங்கா? ஆமா ஆமா, மாங்கேரே பஸ்தான், நானும் அங்கதான் எறங்கணும். இந்த அட்டையைப் பாருங்க. தென்னைமரம். எந்த ஊர் மரம்? ஹவாய் மரம்! சமோவாப் பாட்டுக்கு! அவங்களுக்கு எல்லாத் தீவும் ஒரே தீவுதானே…

மாத்தலேனாவைக் கேட்டிருப்பீங்க. அறுபதுகள்ல சமோவாவுல, ஆப்பியால பாடினவங்க. இப்ப இங்க ஆக்லாந்துல, மாங்கேரேலதான் இருக்காங்க, எழுபத்தொம்பது வயசு. அவங்க குரல்னா என்ன? சங்கு! அடிவயித்துல இருந்து வர்ற கட்டைக் குரல். அவங்க பழைய தட்டு எட்டு வெச்சிருக்கேன். அந்தக் குரல்ல இருக்கற துக்கத்தைப் பத்தி யுனிவர்சிட்டில மூவாயிரம் வார்த்தை எழுதி முதல் மார்க் வாங்கினேன். ஆமா, துக்கத்துக்கும் மார்க் போடறாங்க, அதை ஏன் கேக்கறீங்க!

இந்தப் புது சிடில என்னடான்னா, பதினாறு வயசுப் பொண்ணு பஸ்ஸுக்கு ஓடிக்கிட்டே பாடற மாதிரி இருக்கு. வேகத்தைக் கூட்டிட்டாங்க! எதுக்கு? எங்க வயசுப் பசங்க ஆடணுமாம்! கம்பெனில கிரெய்க்னு ஒருத்தர். போன்ல சொல்றார், “மூல நாடாவுல இருந்து நேரா எடுத்தோம்மா, கை வெக்கலை”ன்னு. கறிக்கடைக்காரர் சொல்றார், ‘நான் ஆட்டைத் தொடவே இல்லை’ன்னு!

விடுவேனா? இதை வெளியிடக் கூடாதுன்னு இருநூத்திப் பன்னெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கினேன். அதுல பாதிப் பேர் பாட்டையே கேட்டதில்ல, அது வேற விஷயம். போன சனிக்கிழமை சர்ச் ஹால்ல நடக்க இருந்த வெளியீட்டு விழாவையே நிறுத்திட்டாங்க. இப்ப கிரெய்க் என்ன சொல்றார்னா, ‘இது என் குரல் இல்ல’ன்னு பாடினவங்களே கையெழுத்துப் போட்டா மிச்சமுள்ள ஐநூறு சிடியையும் உடைச்சுடறாராம். அதுக்குத்தான் போயிட்டிருக்கேன். இதோ காகிதம்.

போடுவாங்களான்னா… அங்கதான் சிக்கல். போன வாரமே போனேன். அவங்க வீட்லயே இந்த சிடியைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாங்க. “என் குரல்தான் கண்ணு”ன்னாங்க. “இல்லம்மா, உங்களுக்கு வயசாயிடுச்சு, உங்க குரல் உங்களுக்கே மறந்துபோச்சு”ன்னேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஆராய்ச்சின்னா அப்படித்தான் ஆன்ட்டி, முகதாட்சண்யம் பாக்கக் கூடாது! விழாவுக்குன்னு தச்ச புது உடுப்பு கதவுல தொங்கிச்சு, அதையே பாத்துட்டிருந்தாங்க. அப்புறம் எந்திரிச்சுப் போய் எனக்குக் கோகோ போட்டுக் குடுத்தாங்க… அது வேற.

பழைய தட்டையெல்லாம் நான் எதுல கேட்டேனா? எங்க வீட்டு ப்ளேயர்லதான். வேற எதுலயும் போட விடமாட்டேன், ஊசி சரியில்லன்னா கீறிடும். ஃபெலெதி மாமா அமெரிக்க சமோவாவுல, பாகோபாகோல இருந்து கப்பல்ல கொண்டுவந்தது. அமெரிக்கச் சரக்கு, யானை கனம்! அந்த ஊர் கரண்ட் கம்மி, இங்க ஆக்லாந்துல டபுள். எரிஞ்சிடக் கூடாதுன்னு நடுவுல ஒரு இரும்புப் பெட்டி வெச்சுக் குறைச்சிருக்கோம். முப்பது வருஷமா ஓடுது!

என்ன சிரிக்கறீங்க? உங்க வீட்லயும் பாகோபாகோ சாமானா? சுவர்க் கடிகாரமா… கரண்ட்ல ஓடறது… அதே மாதிரி பெட்டி வெச்சு… என்னது, மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கிச்சா?

ஏன்?

உங்க வீட்டுக்காரர் சொன்னாரா… அந்த ஊர் கரண்ட் நொடிக்கு அறுபது தடவை துடிக்குமா. இங்க அம்பது. பெட்டி வெச்சா அது மாறாதா? மோட்டார் அந்தத் துடிப்புக்குத்தான் சுத்துமா…

இருங்க. மணிக்குப் பத்து நிமிஷம்னா ஆறுல ஒரு பங்கு. தட்டும் அவ்வளவு மெதுவா சுத்தி, குரலும் கட்டையாகி… அப்ப எங்க வீட்ல எல்லா ஆம்பளைப் பாடகனும் காளை மாடு கத்தற மாதிரி பாடினது… ஐயோ ஆன்ட்டி! நான் அவங்ககிட்ட போய், அவங்க மூஞ்சிக்கு நேரா…

மணி அடிச்சுட்டீங்களா? உங்க ஸ்டாப்பா? என்னுதும் இதான். இல்ல, எறங்கலை. எறங்கறேன், எறங்கறேன்… காகிதமா? கிழிச்சாச்சு, இதோ பாருங்க. ஆன்ட்டி, ஒரு நிமிஷம்! நம்ம சமோவா ஆளுங்க பெருந்தப்பு பண்ணிட்டா, நல்ல பாயா எடுத்துத் தலைமேல போர்த்திக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல உக்காருவாங்கல்ல, வீட்டுக்காரங்களா மன்னிச்சு வந்து பாயை எடுத்துவிடற வரைக்கும்… உங்க வீட்ல பாய் இருக்கா?

சின்னது ஆகாது ஆன்ட்டி. வாயையும் சேத்து மூடற மாதிரி குடுங்க.