கடலடியில் மீன் விட்டதைப் பற்றி லிபி சொன்னது

என் பெயர் லிபி, வயது முப்பத்தொன்று, தகப்பனார் பெயர் சுவாமிதாஸ். பாறசாலையில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். கோவளத்தில் ஒரு தனியார் ஸ்கூபா நிலையத்தில் பயிற்றுநராக வேலை பார்க்கிறேன். மலையாளம் நன்றாகப் பேசுவேன் என்றாலும் பள்ளியில் தமிழ் படித்தவள் என்பதால் தமிழிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். இந்தக் காவல் நிலைய ஏ.எஸ்.ஐ. வேலப்பன் அவர்களும் எங்கள் பக்கத்துக்காரர் என்பதால் அவரே எழுதுகிறார்.

என் மேல் புகார் கொடுத்திருப்பவர் வலியசாலை அக்ரஹாரத்தைச் சேர்ந்த கௌசிக். கடலுக்கடியில் நான் கத்தியைக் காட்டி மிரட்டினேன், பாறை இடுக்கில் தள்ளி வழியை அடைத்தேன், வயிற்றில் குத்தினேன் என்று எழுதியிருக்கிறார். கத்தி எடுத்தது, தள்ளியது, குத்தியது எல்லாம் நடந்தவைதான், நான் மறுக்கவில்லை. மிரட்டினேன் என்பது மட்டும் பொய். வாயில் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு யாரும் யாரையும் மிரட்ட முடியாது. இந்தப் புகார் நிலைத்தால் என் லைசென்ஸ் போகும், வழக்கும் வரும். ஆகையால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சம்பவம் நடந்தது கௌசிக்கின் பிறந்தநாளன்று காலையில். அவர் ஏற்கெனவே என்னுடன் சில தடவை கடலில் இறங்கியவர், சொன்னதைக் கேட்பவர். அன்று அவரும் நானும் படகோட்டி சுஜினும் மட்டும் போனோம். கரையிலிருந்து சற்றுத் தொலைவில் கடலுக்கடியில் ஒரு பெரிய பாறை இருக்கிறது, அதன் பக்கத்தில் நங்கூரம் போட்டோம். நங்கூரம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க எப்போதும் நான்தான் முதலில் இறங்குவேன், வாடிக்கையாளர் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். அன்றும் அப்படியே நான் முதலில் இறங்கினேன்.

நான் இறங்கிய பிறகு சுஜின் படகிலிருந்த தொட்டியைத் திறந்து, தூண்டிலில் பிடித்த செம்பல்லி மீன்களை ஒரு வலைப்பையில் போட்டுக் கௌசிக்கிடம் கொடுத்திருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறந்தநாளன்று சாகப்போகும் மீனை விலைக்கு வாங்கிக் கடலில் விட்டால் மகனுக்கு ஆயுசு கூடும் என்று அவருடைய தாயார் சுப்புலக்ஷ்மி அம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாராம். படகிலிருந்து விட்டால் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள், அடியில் கொண்டுபோய் விட்டால் பத்திரமாக இருக்கும் என்று கௌசிக் தானாக யோசித்திருக்கிறார். மீனைக் கழுவிய கை ஒன்று அந்த வீட்டில் இருந்திருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது. வாயில் தூண்டில் கிழித்து இரத்தம் கசியும் மீனைக் கையில் கட்டிக்கொண்டு யாரும் கடலுக்குள் இறங்கமாட்டார்கள். சுஜினுக்கு இது தெரியும். பிறகு கேட்டதற்கு, "நேர்ச்சைன்னு சொன்னாரு சேச்சி, அதுல நான் என்னத்தச் சொல்ல?" என்றார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அதன் பிறகு நாங்கள் இருவரும் அடியில் சேர்ந்தோம். நான் அவருடைய காற்றளவைப் பார்த்துவிட்டுத் திரும்பி முன்னால் நீந்தினேன். அவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்ததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சற்றுப் பொறுத்துத் திரும்பிப் பார்த்தபோது அவர் மணலில் மண்டியிட்டுக்கொண்டு ஒரு பையின் வாயைத் திறந்துகொண்டிருந்தார். பை விலகிப் போகாமலிருக்க அதன் நைலான் கயிற்றை மணிக்கட்டில் முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டியிருந்தார். வெளியே வந்த மீன்கள் நீந்தவில்லை. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மணலில் விழுந்தது, இன்னொன்று இருந்த இடத்திலேயே சுற்றிச்சுற்றித் துடித்தது. மற்றவை பைக்குள்ளேயே கிடந்தன. கௌசிக் அவற்றைத் தள்ளிவிட்டு, போ, போ என்பதுபோல் கையை ஆட்டினார்.

அதன் பிறகு சீலா மீன்கள் கூட்டமாக வந்தன. அவை ஆள் உயரம் இருக்கும், பல் வெளியே தெரியும், கண்ணை நம்மேலிருந்து எடுக்காது. துடித்த செம்பல்லியை ஒன்று பாதியாக அறுத்துக்கொண்டு போனது, மீதியை இன்னொன்று எடுத்தது. நான் கௌசிக்கைப் பார்த்து, பையை விடு என்று கையால் காட்டினேன். அவர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், நனைந்த நைலான் அவிழவில்லை. அந்த நேரத்தில் சீலாக்கள் எல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போயின. பாறையைச் சுற்றித் திரிந்த சின்ன மீன்களும் இல்லை. என் மூச்சின் சத்தம் மட்டும் கேட்டது. சீலா பயந்து ஓடும்படியான ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அதன் பிறகு சுறா வந்தது. அது எங்கள் கரைப் பக்கம் சாதாரணமாகப் பார்க்கும் சின்னச் சுறா அல்ல. உடம்பு தடித்தது, மூக்கு மழுங்கியது, படகில் பாதி நீளம் இருக்கும். அவசரமே இல்லாமல் எங்களை ஒருமுறை சுற்றிப் போனது. அதன் வாயில் பழைய தூண்டில் ஒன்று துருப்பிடித்துத் தொங்குவதைப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் கௌசிக்கின் கையிலிருந்த பைக்கு நேராகத் திரும்பியது. நான் காலிலிருந்த கத்தியை உருவி அவர் கையைப் பிடித்துக் கயிற்றை அறுத்தேன். கத்தியைக் கண்டு அவர் கையை இழுத்ததால் மணிக்கட்டில் கீறல் பட்டது. பையை என்னால் முடிந்த தூரம் தள்ளிவிட்டேன். சுறா அதை வலையோடு சேர்த்து விழுங்கியது. மணலில் கிடந்த மீனையும் எடுத்தது.

அதன் பிறகு அது போகவில்லை. கௌசிக்கின் கையுறையெல்லாம் மீன் வாடையும் இரத்தமும். ஆகையால் அவரைப் பாறையின் கீழிருந்த இடுக்கில் தள்ளி, நான் வெளியே முதுகை அவர் பக்கம் காட்டி நின்றேன். வழியை அடைத்தேன் என்று அவர் சொல்வது இதைத்தான். உள்ளேயிருந்து அவருக்கு என் சிலிண்டர் மட்டும்தான் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது வேறு. சுறா நேராக என்னிடம் வந்து, கடைசி நேரத்தில் திரும்பி, என் இடது கையை உரசிக்கொண்டு போனது. தேங்காய்த் துருவலியில் இழுத்ததுபோல் உடையும் தோலும் உரிந்துவிட்டன. அந்தக் காயத்தை இப்போது ஏ.எஸ்.ஐ. அவர்களிடம் காட்டினேன். இவரை விட்டுவிட்டு மேலே போய்விடலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. எனக்கு அவ்வளவு பயம் இருந்தது. ஆனால் அவர் உள்ளேயிருந்து என் பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தார்.

அதன் பிறகு சுறா கண்ணுக்கு மறைந்தது, காற்றும் குறைந்துகொண்டிருந்தது. நான் கௌசிக்கை வெளியே இழுத்து நங்கூரக் கயிற்றைப் பிடிக்கவைத்தேன். பாதி ஏறுமுன் கீழே அதன் நிழல் தெரிந்தது. அவர் கயிற்றை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தார். வாயிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. அப்படி மூச்சடக்கி மேலே போனால் நுரையீரல் வெடித்துவிடும், சுறா தேவையில்லை. நான் அவர் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தி முஷ்டியால் வயிற்றில் குத்தினேன், குமிழி வந்தது. மறுபடி வாயை மூடினார், மறுபடி குத்தினேன். அப்படியே மேலே வந்து சேர்ந்தோம். சுஜின் முதலில் அவரைப் படகில் ஏற்றினார். என் முறை வரும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு காலைத் தண்ணீருக்குள் வைத்திருந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

அதன் பிறகு அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மீன் விட்ட காரணத்தை அங்கேதான் சொன்னார். உடம்பிலிருந்த காயங்களைக் கண்டு தாயார் கேட்டபோது, பயிற்றுநர் செய்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதுவே புகாராகிவிட்டது, பையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நேற்று எனக்குப் போன் செய்து, "லிபி, மீன் விஷயம் மாத்ரம் வெளியே வரண்டாம். தன்னோட நேர்ச்சையாலதான் வந்துதுன்னு தெரிஞ்சா அம்மா தாங்கமாட்டா" என்றார். நான், "ஜெயிலுக்குப் போவப்போறது நானாக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இவ்வளவையும் எழுதிய பிறகு ஏ.எஸ்.ஐ. அவர்கள் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கதவு திறந்திருந்தது. மகனுடன் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுப்புலக்ஷ்மி அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். அதன் பிறகு, "அந்த மீன்ல ஒண்ணாவது உசிரோட போச்சோ, கொழந்தே?" என்று கேட்டார். நான், "ஒண்ணு போச்சும்மா. பாறைக்க அடியில நீந்திப் போனத நான் கண்டேன்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். புகாரைத் திரும்ப வாங்குவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். "கேஸுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்லல்லா" என்றார் ஏ.எஸ்.ஐ. அவர்கள். உண்மை என்று சொல்லிக் கையெழுத்துப் போடும் காகிதம் என்பதால் எழுதித்தான் ஆகவேண்டும் என்றேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்லி, படித்துக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்ட இந்த வாக்குமூலத்தில் உள்ளவை எல்லாம் உண்மை. அந்த அம்மாளுக்கு நான் சொன்ன பதில் மட்டும் உண்மையல்ல.

(ஒப்பம்) லிபி