நிலாப் படத்தில் மேடு

மரக்காணம் இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு, தனக்கோடி எழுதுவது.

கம்ப்யூட்டர் திரையைத் துடைக்கப் பழைய வேட்டித் துணியைப் போல வேறெதுவும் இல்லை. காகிதம் கீறல் போடும். நான்கு வருடமாக என் மேஜையில் ஒரு துண்டு மடித்து வைத்திருந்தேன். சரவணகுமார் வேலைக்கு வந்த பிறகு அதைத் தினமும் துவைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் வேலை இதுதான். விண்கலம் எடுத்த நிலாப் படங்கள் வரும். எது பள்ளம், எது மேடு என்று வட்டம் போட்டுக் குறிக்க வேண்டும். ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் குறிப்போம். அடுத்த கலம் எங்கே இறங்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

படத்தின் மூலையில் வெயில் வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். அதை முதலில் பார்க்கச் சொல்லித்தான் ஆஸிஃபா மேடம் பயிற்சி கொடுத்தார். எனக்கு அது தேவைப்படவில்லை. உப்பு அம்பாரங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். மேல்பக்கம் வெளுத்து அடிப்பக்கம் இருண்டிருந்தால் அது மேடு.

சரவணகுமார் பஜ்ஜி தின்ற விரலால் என் திரையைத் தொட்டான்.

"அண்ணே, இது பள்ளம்ணே. வெயிலு கீழேர்ந்து வருது, அம்பப் பாரு. உனக்கு எதப் பாத்தாலும் உப்புக் குமியலாவே தெரியுது."

சொல்லிவிட்டு அந்த விரலை வாயில் வைத்து உறிஞ்சினான். நிலாவின் மேல் எண்ணெய் படிந்து, அதில் மாவுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சொன்னான்: "ரெண்டு பேரு குறிச்சதையும் பக்கத்துல வச்சு மேடத்துக்கு அனுப்பப் போறேன்ணே. கோச்சுக்காத. நீ மேடுன்னு போட்டது ஆறாயிரம் பள்ளம்."

நான்கு வருட வேலை. அதை அந்த விரல் அழிக்கப் போகிறது.

"நாளைக்குக் காலைல எங்க உப்பளத்துக்கு வா. வெயில்ல மேடு எப்படித் தெரியும்னு காட்டுறேன். அப்புறம் அனுப்பு" என்றேன்.

"டிபன் வாங்கித் தருவியா?" என்று சிரித்தான்.

வாங்கித் தந்தேன். கையில் வடையோடு அம்பாரத்தின் அருகே குந்தி, "நெழல் எந்தப் பக்கம் விழுது பாருண்ணே" என்று எனக்கே பாடம் எடுத்தான். உப்பு வாரும் பலகையால் பின்மண்டையில் இரண்டு அடி. இரண்டாவது தேவைப்பட்டிருக்காது. ஆனால் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பது என் வழக்கம். பாதி வடையைக் காக்கைக்குப் போட்டேன். அவன் விரல்களை ஒவ்வொன்றாக வேட்டித் துணியால் துடைத்தேன்.

மழைக்கு முன்னால் அம்பாரங்களைக் கீற்று போட்டு மூடிவிடுவோம். தை வரை யாரும் பிரிப்பதில்லை. அன்று மூட வேண்டியது ஒன்று இருந்தது. உப்பில் நாற்றம் வராது. உயிரோடு இருந்ததைவிட இப்போது அவன் சுத்தமாக இருக்கிறான்.

திங்கட்கிழமை மேடம் வந்தார். அவன் வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டிருக்கிறான்.

"சரவணன் சொன்னது கரெக்ட்டுங்க தனக்கோடி சார். தலைகீழா வச்சுப் பாருங்க" என்று என் படத்தைத் திருப்பினார். மேடெல்லாம் பள்ளமாயின. "அவன் எங்க, போனையே எடுக்க மாட்டேங்குறான்?" என்று கேட்டார். நான் படத்தை நேராக வைத்தேன். மறுபடியும் மேடாயின. நிலாவைத் தலைகீழாக யார் பார்க்கிறார்கள்?

ஒன்பது நாளாக நீங்கள் கழுவெளிச் சதுப்பிலும் உப்பளக் கிணறுகளிலும் ஆள் இறக்கிச் சேற்றைக் கிளறுகிறீர்கள். கரையில் நின்று தினமும் பார்க்கிறேன். நீங்களும் அவனைப் போலவே பள்ளத்தையே பார்க்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் உப்பளத்தில் வடக்கு ஓரம், மூன்றாவது அம்பாரம். வந்து பாருங்கள். அது மேடுதான். எந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் மேடுதான்.