ஓடக்காரன் தோளும் புனிதர் முகமும்

— கத்தியக் கீழ வைங்க, லியன்ஹார்ட் மேஸ்திரி. அந்த முகத்தைத் தோண்டாதீங்க.

— யாரு அனுப்புனா உன்னை? எதிர்த்தெரு அச்சுக்காரனா? படம் செதுக்கின அச்சுக்கட்டையத் தொடாத, ஓட்டிலியா.

— ஒருத்தரும் அனுப்பல. தனியாவே இருந்து இருந்து, வர்றவங்க மேல எல்லாம் குரைக்கிறீங்க. இந்தக் கட்டையில அடிச்ச படம் என் வீட்டுச் சுவத்துல பதினஞ்சு வருஷமா இருக்கு. யேசு பாலனைத் தோள்ல தூக்கி ஆத்தைக் கடந்த ராட்சசப் புனிதர் கிறிஸ்தோபர், அவரு முகத்தைப் பாத்தவங்களுக்கு அன்னிக்குத் துர்மரணம் இல்ல. பாத்துட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன். இப்ப புகையில மூக்கு முழியெல்லாம் அழிஞ்சுபோச்சு. புதுசா ஒண்ணு அடிச்சுக் குடுங்க.

— இனிமே கிறிஸ்தோபர் கிடையாது. புனிதர்களைக் கும்பிடக் கூடாதுங்கிற புதுப் பிரசங்கிமாருங்க வந்தப்புறம் புனிதர் படத்தை எவன் வாங்குறான்? முகத்தைச் சதுரமாத் தோண்டி, அந்தக் குழியில வேற முகம் செதுக்கின துண்டை அடிச்சு இறக்கப்போறேன். தோள்ல உக்காந்திருக்கிற பாலனை எடுத்துட்டு வாத்துக்கூடை. ராட்சசன் சந்தைக்குப் போறான்.

— யேசு பாலனுக்குப் பதிலா வாத்தா! நல்லாருக்கு.

— வாத்துதான் விக்கும்.

— விடியப்போற நேரத்துல, கனவுல, அந்தக் கிறிஸ்தோபர் ஆத்தைவிட்டு ஏறி வர்றாரு, மேஸ்திரி. என் அடுப்படியில நிக்கிறாரு. தாடியில தண்ணி சொட்டுது. கஞ்சி ஊத்தி வெப்பேன். முழிச்சுப் பாத்தா தரை காஞ்சு கெடக்கும். என் கால் மட்டும் சில்லுனு இருக்கும்.

— அது உன் வீட்டுக்காரன் நெனப்பும்மா. ஓடக்காரன் யோர்க் டான்யூப் ஆத்துல ஓடம் கவுந்து செத்து எட்டு வருஷமாச்சு, இன்னும் உன்னை விடல. கிறிஸ்தோபருக்காக அவனைத்தானே இங்க நிக்கவெச்சு வரைஞ்சேன், தோள்ல கோதுமை மூட்டைய ஏத்தி. கூலி ஒரு குடம் பீர்.

— தெரியாதா? சோறு கொண்டுவந்தவளே நான்தானே.

— அப்ப உள்ளதைச் சொல்லிடறேன். அழறதுன்னா வெளிய போய் அழு. படத்துல காலும் தோளும் மட்டும்தான் யோர்க்கோடது. ரெண்டாம் நாளே பீரைக் குடிச்சுட்டு உருண்டுட்டான். மூணாம் நாள் ஆளே வரல. தண்ணித்தொட்டிய எட்டிப் பாத்து என் மூஞ்சியையே செதுக்கிட்டேன். இத்தனை வருஷமா நீ பாத்துப் பாத்துக் கும்புட்டது இந்தச் சிடுமூஞ்சியை. உன் புருஷனை இல்ல.

— தெரியும், லியன்ஹார்ட். சுவத்துல ஒட்டின அன்னிக்கே அது உங்க முகம்னு தெரியும்.