பிளாஸ்டிக்காரரின் லைசென்ஸ்

"பிளாஸ்டிக்காரர் மறுபடியும் வந்துட்டாரு."

கேட்டீங்களாம்மா? மூணாம் கவுண்டர் அம்மா பக்கத்து சீட்டுல இருக்கவங்ககிட்ட இப்ப சொன்னது அதான். கண்ணாடிக்குக் கீழ காகிதம் தள்றதுக்கு ஒரு சந்து விட்டிருக்காங்கல்ல, அது வழியா வந்து காதுல விழுந்துருச்சு. இந்த ஊரு பாஷைல எனக்கு மொத்தமா ஒரு நாப்பது வார்த்தை தெரியும். அதுல பிளாஸ்டிக் ஒண்ணு, மறுபடியும்கறது ஒண்ணு. ரெண்டையும் இந்த ஆபீஸ்லதான் கத்துக்கிட்டேன்.

நீங்க தமிழ்தானே? உள்ள வரும்போது போன்ல "சாப்பிட்டேம்மா, சாப்பிட்டேம்மா"ன்னு சொன்னீங்க. அதைக் கேட்டுட்டுத்தான் அங்கேர்ந்து எழுந்து இங்க வந்து உக்காந்தேன். சாப்பிடலல்ல? மொகத்துலயே தெரியுது. நீங்களும் லைசென்ஸ் மாத்தத்தானா? ஆங்… நம்மூரு லைசென்ஸைக் குடுத்துட்டு இவங்க லைசென்ஸை வாங்கிக்கறது. கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். எங்க, உங்க நம்பர் சீட்டைக் காட்டுங்க. அம்பத்தொண்ணு. என்னுது நாப்பத்தாறு. போர்டுல முப்பத்தெட்டு ஓடுது. இருங்க, இது எங்கிட்டயே இருக்கட்டும், பின்னாடி ஒரு விஷயம் கேக்கறேன்.

நான் கேக்கறேன், ஒரு மனுஷன் தன் பொருளைப் பத்திரமா வெச்சுக்கறது ஒரு குத்தமா? ஊர்ல பதினெட்டு வருஷம் ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தவன் நான். ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன். கோர்ட்டுக்கு எதிர்த்தாப்புல. கரையான் தின்ன பத்திரம், மழையில நனைஞ்ச சர்ட்டிபிகேட்டுன்னு எத்தனை பேரு கண்ணைக் கசக்கிட்டு வந்து நின்னிருக்காங்க தெரியுமா? அதெல்லாம் பாத்தவனுக்கு ஒரு காகிதத்தை அம்மணமா விட்டு வெக்க மனசு வருமா? எங்க கல்யாணப் பத்திரிகை லேமினேஷன். கரண்டு பில்லு லேமினேஷன். மளிகை லிஸ்ட்டைக்கூட ஒருதடவை போட்டேன். சிரிக்காதீங்க, மாசாமாசம் அதே சாமான்தானே? திடீர்னு ஒரு மாசம் வீட்டுல அந்துருண்டை வேணாம்னா. அந்தப் பிளாஸ்டிக்மேல பேனா எழுதவே இல்ல, அடிக்க முடியல. ரெண்டு வருஷம் அந்துருண்டை வாங்கினோம்.

அவளோட நர்ஸிங் சர்ட்டிபிகேட்டை மட்டும் தொட விடல. பீரோவுல வெச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிட்டா. "இதுமேல மட்டும் கை வெச்சீங்க, பாத்துக்கோங்க"ன்னா. அதனாலதான் அவளுக்கு இங்க மூணே வாரத்துல ஆஸ்பத்திரி வேலை கெடச்சுதுன்னு இப்பத்தான் புரியுது. ஆமா, அவ வேலைக்காகத்தான் வந்தோம். நான் கூட வந்தவன். லக்கேஜ்னு வெச்சுக்கோங்களேன்.

சரி, லைசென்ஸுக்கு வர்றேன். அதுக்கு மூணு உறை போட்டிருக்கேன். வாங்கின அன்னைக்கு ஒண்ணு. ஓரம் மஞ்சளாச்சுன்னு அதுமேல ஒண்ணு. ஃபிளைட் ஏறதுக்கு மொத நாளு, வெளிநாடு போறோமே, அங்க குளிரு எப்பிடியோ என்னமோன்னு, இருக்கறதுலயே கெட்டி பிலிம் எடுத்து மூணாவது. கதவுக்கு அடியில சொருகினா கதவு அசையாது, அப்பிடி நிக்கும்.

மொத தடவை வந்தேன். மொழிபெயர்ப்பு எங்கன்னாங்க. நியாயம். ஒரு மொழிபெயர்ப்பாளரைப் புடிச்சேன், அவரு லைசென்ஸ் பின்பக்கத்துல இருந்த அச்சகம் பேரு வரைக்கும் மொழிபெயர்த்துக் குடுத்தாரு. நல்ல மனுஷன். அதுக்கப்புறம் கண்ணு டெஸ்ட். எழுத்துப் பலகையில கடைசி வரியைப் படிங்கறாரு டாக்டர். எனக்கு மொத வரியே என்ன எழுத்துன்னு தெரியாதேப்பா. நான் என்ன பண்ணேன், ஒவ்வொரு எழுத்தா காத்துல விரலால வரைஞ்சு காட்டினேன். மொதல்ல பயந்து ஒரு அடி பின்னால போனாரு. அஞ்சாவது எழுத்துலேர்ந்து அவரும் கூட வரைய ஆரம்பிச்சுட்டாரு. கண்ணு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்து, குடிக்கத் தண்ணியும் குடுத்தாரு.

ரெண்டாவது தடவை எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தேன். மழை பேஞ்சா பஸ்ஸுல ஒழுகுமேன்னு விண்ணப்பத்தை மட்டும்… ஆமா. அதையும். இங்க ஒரு கடையைக் கண்டுபுடிச்சு வெச்சிருக்கேன். மூணாம் கவுண்டர் அம்மா எடுத்து சீல் குத்தறாங்க, மை நிக்கல. வழிஞ்சு ஓடுது. மறுபடியும் குத்தறாங்க. நாலாவது தடவை ஓங்கிக் குத்தினதுல சீல் வழுக்கி அவங்க புறங்கையில விழுந்துருச்சு. பச்சை மையில 'ஏற்கப்பட்டது'. பிளாஸ்டிக்காரர்ங்கறது அன்னைக்கு வெச்ச பேருதான்.

அப்புறம் புது விண்ணப்பம் எழுதி மூணாவது தடவை வந்தேன். எல்லாம் சரி, எல்லாம் சரின்னு டிக் அடிச்சுட்டே வந்தவங்க, லைசென்ஸைக் கையில எடுத்தாங்க. வளைச்சுப் பாத்தாங்க. வெளிச்சத்துல புடிச்சாங்க. மேசையில ரெண்டு தட்டு தட்டினாங்க. அட்டையைத் தடவிப் பாத்தாத்தான் அசலா போலியான்னு சொல்ல முடியுமாம். "உறையைப் பிரிச்சுட்டுக் கொண்டாங்க, அஞ்சு நிமிஷ வேலை"ன்னாங்க.

எப்ப சொன்னாங்களா? அது… வந்து ஒரு மூணாம் மாசம் இருக்கும்.

இப்ப எத்தனை மாசமாச்சுன்னு கேக்கறீங்க. பன்னெண்டு. இன்னையோட. வந்த தேதியிலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள மாத்திக்கணும், அதான் சட்டம். இன்னைக்கு நாலு மணி தாண்டிட்டா அவ்வளவுதான். அப்புறம் எல்லாரையும் மாதிரி பரிட்சை எழுதி, அவங்க பாஷைல எழுதி, பக்கத்துல ஒருத்தரை உக்கார வெச்சு ஓட்டிக் காட்டி… நாப்பது வார்த்தையை வெச்சுக்கிட்டு நான் எங்க எழுதறது? நடக்கற காரியமா?

நாப்பது வந்துருச்சு. இன்னைக்குன்னு பாத்து சுறுசுறுப்பா வேலை செய்யறாங்க பாருங்க.

எங்க வீட்டம்மாவைப் பத்திச் சொல்றேன். வயசானவங்க வார்டுல வேலை. அங்க இருக்கறவங்களுக்குத் தோலு வெங்காயச் சருகு மாதிரி இருக்குமாம். அதுமேல ஒட்டின பிளாஸ்டரை எடுக்கறதுதான் பெரிய வித்தையாம். அதுக்குன்னு ஒரு எண்ணெய் இருக்கு, சின்ன பாட்டில்ல. ஓரத்துல ரெண்டு சொட்டு விடணும், காத்திருக்கணும், மயிரிழை அளவு தூக்கணும், திரும்பவும் ரெண்டு சொட்டு. தூங்கறவங்க முழிச்சுக்காம எடுத்துருவாளாம். வார்டுல எல்லாரும் இவளைத்தான் கூப்பிடுவாங்களாம். பெருமையா சொல்லுவா.

ஆனா தன் விஷயத்துல பாருங்க, நாலு நாளா அவ கையில முள்ளு. வேலை முடிஞ்சு வந்ததும் சமையக்கட்டுல விளக்கைத் தாழ இழுத்துவிட்டு, பஞ்சு, இடுக்கி எல்லாம் பரப்பி வெச்சுட்டு முதுகைக் காட்டிட்டு உக்காந்துக்கறா. என்னன்னு கேட்டா "முள்ளு." காட்டு பாப்போம்னா "நீங்க போய் டிவி பாருங்க." நான் கேக்கறேன், இந்த ஊர்ல முள்ளு ஏது? எல்லா எடமும் சிமெண்டு.

அவ காலைல அஞ்சு மணிக்கு முன்னாடி கெளம்பணும். ரெண்டு பஸ்ஸு, நடுவுல இருபது நிமிஷம் நடை. குளிருக்கு ஷூவுக்குள்ள ரெண்டு ஜோடி சாக்ஸ். கார்ல போனா பன்னெண்டு நிமிஷம். வாங்கி வெச்ச பழைய காரு வாசல்லயே நிக்குது. அதுக்கும் ஒரு உறை… அது வேற கதை. போன வாரம் பஸ் ஸ்டாப்புல வழுக்கி விழுந்து முட்டி சிராய்ச்சுருச்சு. தானே கட்டுப் போட்டுக்கிட்டு அடுத்த நாளும் போனா. ஒரு வார்த்தை சொல்லலம்மா. திட்டினாலாவது பதில் சொல்லலாம். "ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"ன்னு மட்டும் கேப்பா. "இவனுங்க சட்டம் சரியில்ல"ம்பேன். சரின்னு சாக்ஸை மடிச்சு வெச்சுருவா.

அவளே ஓட்டலாமேன்னுதானே பாக்கறீங்க? ஊர்ல கத்துக்கறேன்னு கேட்டா. நாந்தான், எதுக்கு, நான் இருக்கேன்லன்னேன்.

நாப்பத்திரண்டா? கண்ணு மங்குது, நீங்க பாருங்க.

இப்ப அந்த விஷயத்தைக் கேக்கறேன். உங்களுக்கு அவசரமா ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லுங்க, என் நாப்பத்தாறை நீங்க எடுத்துக்கோங்க, உங்க அம்பத்தொண்ணை நான் வெச்சுக்கறேன். எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல. காலைலேர்ந்து அப்பிடித்தான் உதவி பண்ணிட்டிருக்கேன். நான் மொதல்ல எடுத்தது எட்டாம் நம்பரு. கைக்கொழந்தையோட ஒரு அம்மா நின்னாங்க, குடுத்தேன். இருபத்தொண்ணு வந்துச்சு. கைத்தடியோட ஒருத்தரு வந்தாரு, குடுத்தேன். முப்பத்தஞ்சு. அப்புறம் ஒரு ரொட்டி வண்டிக்காரரு. அவருக்கு அவசரமே இல்ல, வேணாம் வேணாம்னாரு. கையில திணிச்சுட்டேன்.

ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? நீங்க பேசவே மாட்டேங்கறீங்க, ஆனா பாக்கறது மட்டும் எங்க வீட்டம்மா மாதிரியே பாக்கறீங்க.

சரி, சொல்லிடறேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க. யாருகிட்ட சொல்லப் போறீங்க.

வந்த புதுசுல பழைய லைசென்ஸை வெச்சே மூணு மாசம் ஓட்டலாம். அவளோட மொத நாள் வேலை. புது யூனிபாரம், தலையை இழுத்து வாரி, பக்கத்துல உக்காந்திருக்கா. இங்க எல்லாமே எதிர்ப் பக்கம். அதைக்கூட சமாளிச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னால ஒரு ரவுண்டானா. உள்ள நுழைஞ்சுட்டேன்மா. வெளிய வர முடியல. ஒவ்வொரு வழிகிட்ட வரும்போதும் எவனாவது ஒருத்தன் குறுக்க வர்றான். சரி, அடுத்த சுத்துல போய்க்கலாம்னு நெனைப்பேன். அடுத்த சுத்து. அதுக்கடுத்த சுத்து. அவ மொதல்ல "இந்த வழி"ன்னா. அப்புறம் "இதுதான்"ன்னா. அப்புறம் எண்ண ஆரம்பிச்சுட்டா. பதினோரு சுத்து. ஆஸ்பத்திரி சன்னல்ல ரெண்டு பேரு நின்னு பாக்கறாங்க. பன்னெண்டாவதுல "நிறுத்துங்க"ன்னா. நடுவுல இருக்கற புல்லு ஓரமா நிறுத்தினேன். கதவைத் திறந்து எறங்கி, கைப்பையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, புல்லு மேல நடந்து, ரோட்டைத் தாண்டிப் போயிட்டா. திரும்பிப் பாக்கல. நான் போலீஸ் வர்ற வரைக்கும் அங்கயேதான் இருந்தேன். அவங்க ஓட்டிட்டு வந்து வீட்டுல விட்டாங்க.

அன்னைக்குப் பூட்டின காரு. உறையைப் பிரிக்கறது அஞ்சு நிமிஷ வேலைதான், எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷத் தொழிலு. பிரிச்சா லைசென்ஸ் குடுத்துருவாங்க. குடுத்தா ஓட்டணும். அந்த ரவுண்டானா இருக்கே, அது வழியாத்தான் போகணும், வேற வழியே இல்ல. இன்னைக்கும் ஆபீஸுக்கு வந்தது அவ அனுப்பினதாலதான். வந்து காட்டுவேன், உறையோட இருக்குன்னு திருப்பி அனுப்புவாங்க, நாலு மணியாயிரும். அப்புறம் சட்டமே முடியாதுன்னுரும். நான் என்ன பண்றது, சட்டம்.

நாப்பத்திநாலு.

நம்ப மாட்டேங்கறீங்க. எவ்வளவு கெட்டியா இருக்குன்னு தொட்டுப் பாருங்க. கவர்ல போட்டு, பின்னு குத்தி, காலைல அவதான் என் சட்டைப் பையில வெச்சு விட்டா. நான் பிரிக்கக்கூட இல்ல. இருங்க… இதென்ன துணி? ஆஸ்பத்திரித் துணி மாதிரி இருக்கு. எதுக்கு இதுல போய்ச் சுத்தி…

ஏம்மா. இது… எங்க அது?

இல்ல, லைசென்ஸ்தான். என் போட்டோதான். ஆனா உறையைக் காணோமே. ஒண்ணுகூட இல்ல. மூணும் இல்ல. நீங்க தொட்டுப் பாருங்க, வெறும் அட்டை. ஓரம்கூடக் கிழியல. போட்டோ அப்பிடியே இருக்கு, மீசை தெரியுது. எண்ணெய் வாசம் அடிக்குது பாருங்க.

முள்ளாம். நாலு நாளா முள்ளு.



நாப்பத்தஞ்சுல யாரும் எழுந்துக்கக் காணோம். கூப்பிட்டுப் பாக்கறாங்க. இல்ல போல. கவுண்டர் அம்மா இங்கயே பாக்கறாங்க. மணி என்ன? மூணு அம்பது.

நாப்பத்தாறு. ஆமா, பெல் அடிச்சுட்டாங்க.

இந்தாங்கம்மா, உங்க சீட்டு. அம்பத்தொண்ணு, பாத்துக்கோங்க. இந்தத் துணியைக் கொஞ்சம் கையில வெச்சிருங்க, தொலைச்சுராதீங்க, அவகிட்டத் திருப்பிக் குடுக்கணும்… இதோ, மேடம். வந்துட்டேன்.