ஜன்னலின் கீழ்ப்பாதி

பிரிஜெட்: ...போதும்ங்க! இது பூந்தொட்டி, கோலார் சுரங்கம் இல்ல. மரக்கட்டையால இந்தக் குத்து குத்துறீங்களே, விதை மூச்சு விட வேணாமா?

தியோடர்: மண்ணை இறுக்கலைன்னா சரியும். பூமிக்குள்ள முப்பது வருஷம் நின்னவன்கிட்ட மண்ணைப் பத்திப் பேசுறியா?

பிரிஜெட்: அங்க மண்ணு தலையில விழக் கூடாதுன்னு இறுக்குனீங்க. இங்க முளை வெளிய வரணும். ரெண்டும் ஒண்ணா? போன வாரம் போட்ட வெந்தயம் ஒண்ணாவது தலை காட்டுச்சா?

தியோடர்: வரும்.

பிரிஜெட்: உங்க அடிக்குப் பயந்து உள்ளயே ஜெபமாலை சொல்லிக்கினு இருக்கும்.

தியோடர்: வாய் நீளுது உனக்கு. அந்தத் தண்ணி டப்பாவைக் குடு.

பிரிஜெட்: இந்தாங்க... ஆமா, இந்த ஓரத்துத் தொட்டியில மட்டும் மண்ணு பொலபொலன்னு இருக்குதே? அரைக்கீரை ஜம்முனு வந்திருக்கு. யாரு கிளறி விட்டது?

தியோடர்: எலியா இருக்கும்.

பிரிஜெட்: கையில கரண்டி வச்சிருந்த எலியா? பக்கத்து மாடி ராஜலக்ஷ்மி, "மண்ணை இளக்கி விடுங்கண்ணா"ன்னு சொன்னப்ப, எனக்கு நீ சொல்லித் தரியான்னு முறைச்சீங்க. அவ கீழ இறங்கிப் போற வரைக்கும் காத்திருந்த எலி போல.

தியோடர்: தண்ணியை ஊத்து. பேச்சை ஊத்தாத.

பிரிஜெட்: எனக்கு ஒண்ணுதாங்க புரியல. பொங்கலப்ப தக்காளி வச்சீங்க. ரோஜாக் கன்னு வாங்கினு வந்தீங்க. நீலப் பாட்டில்ல மருந்து வாங்கி, மூக்குல துண்டு கட்டிக்கினு அடிச்சீங்க. தவக்காலம் தொடங்குச்சோ இல்லியோ, அத்தனையும் பிடுங்கி எறிஞ்சிட்டு கீரை, முருங்கைக் கொம்பு, ஓமவல்லி... இன்னா கணக்கு இது?

தியோடர்: ரோஜாவுல முள்ளு இருக்கு.

பிரிஜெட்: இத்தனை வயசுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுதா, ரோஜாவுல முள்ளு இருக்கும்னு?

தியோடர்: கீரை உடம்புக்கு நல்லது.

பிரிஜெட்: தட்டுல கீரையைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குவீங்க!

தியோடர்: நீ சாப்பிடு. இல்லைன்னா மடத்து சிஸ்டருங்களுக்குக் கொண்டு போ. சனிக்கிழமை ஆனா பையைத் தூக்கிக்கினு கிளம்புறியே.

பிரிஜெட்: ...ஆமா. அவங்க ஆசையா சாப்பிடுறாங்க.

தியோடர்: சாப்பிடட்டும். நல்லா சாப்பிடட்டும்.

பிரிஜெட்: சாப்பிட இலை மிஞ்சணுமே. இங்க பாருங்க, இலைக்கு அடியில பூரா அசுவினிப் பூச்சி, எள்ளைக் கொட்டின மாதிரி. அந்த நீலப் பாட்டில் எங்க?

தியோடர்: கடைக்காரன் மேஜை மேலயே வச்சிட்டு வந்துட்டேன்.

பிரிஜெட்: பாதி பாட்டிலையா? ஏன், ராஜலக்ஷ்மிக்குப் பயந்தா? "என் வடாம் மேல விஷம் பறக்குது"ன்னு அன்னிக்குக் கத்துனாளே.

தியோடர்: நான் யாருக்குப் பயந்தேன்? அவ கத்துன அன்னிக்கே பூண்டும் காஞ்ச மிளகாயும் அரைச்சுக் கரைச்சு அடிச்சேன். பூச்சி ஓடிப் போச்சு. பாட்டில் வேண்டியதில்ல.

பிரிஜெட்: அடேயப்பா, மறப்பேனா? கல்யாணம் ஆனதிலேர்ந்து நீங்க சமையல்கட்டுல முதல் தடவையா கால் வச்சது அன்னிக்குத்தான். அதுவும் நான் மடத்துக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்தா, லிங்கராஜபுரம் தெரு நாயெல்லாம் தும்மிக்கினு நிக்குது.

தியோடர்: இப்பவும் அதையே அடிக்கிறேன். கேக்கலைன்னா சோப்புத் தண்ணியில வேப்பெண்ணெய். விஷம் இனிமே இந்த வீட்டுப் படி ஏறாது.

பிரிஜெட்: அப்படி இன்னா திடீர் வைராக்கியம்?

தியோடர்: கோலார்ல நம்ம லைன் வீட்டுக்குப் பின்னால தங்கம் பிரிச்ச கழிவு மண்ணு குவிஞ்ச சயனைடு மேடு மறந்து போச்சா உனக்கு? காத்தடிச்சா வெள்ளைப் புழுதி. சோத்துல புழுதி, குடத்துல புழுதி. வாசல்ல ஒரு செடி பொழைச்சுதா? தொட்டில் மேல நீ ஈரத் துணியைப் போட்டு மூடி வைப்பே. அது காயக் காய, நான் ஷிப்டு முடிச்சு வந்து உக்காந்து நனைச்சு நனைச்சு... அந்தக் கரண்டியை எடு.

பிரிஜெட்: யாரு தொட்டில்?

தியோடர்: பேச்சுக்குச் சொன்னேன்.

பிரிஜெட்: நம்ம வீட்ல ஆடுனது ஒரே தொட்டில்தாங்க. அதுல கிடந்தவளும் ஒருத்திதான். பேரைச் சொன்னா நாக்கு வெந்து போயிடாது.

தியோடர்: அந்தப் பேரு இந்த வீட்ல கிடையாது. ஒரு வார்த்தை கேக்காம, ஆனேக்கல் ஊர்க்காரன் ஒருத்தனை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கினு வாசல்ல வந்து நின்னாளே, அன்னிக்கே சொல்லியாச்சு. எங்க அப்பா பேரைக் காப்பாத்தின வீடு இது.

பிரிஜெட்: பேரைக் காப்பாத்தினீங்க, சரி. எனக்கு? அவ பொறந்ததிலேர்ந்து உங்களை "ரெஜினாப்பா"ன்னுதான் கூப்பிட்டேன். அதுவும் கூடாதுன்னீங்க. மூணு வருஷமா "ஏங்க". பால்காரனும் ஏங்க, பஸ் கண்டக்டரும் ஏங்க, நீங்களும் ஏங்க.

தியோடர்: கூப்பிட்டா திரும்பிப் பாக்குறேன்ல. அப்புறம் இன்னா?

பிரிஜெட்: போன ஈஸ்டருக்குப் பழக்க தோஷத்துல மூணு தட்டு எடுத்துட்டேன். நீங்க பாக்குறதுக்குள்ள ஒண்ணைத் திரும்ப அலமாரியில வச்சேன்...

தியோடர்: பாத்தேன்.

பிரிஜெட்: பாத்தீங்களா?

தியோடர்: அலமாரிக் கதவு கிறீச்சுன்னுது. எண்ணெய் விடணும் அதுக்கு.

ராஜலக்ஷ்மி: அக்கா! பிரிஜெட் அக்கா! நான்தான், ராஜலக்ஷ்மி, செவுத்துக்கு இந்தப் பக்கம்... அண்ணா, பின் ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கீங்களாமே? வாடகைக்கு விடப் போறீங்களாம்?

தியோடர்: யாரு சொன்னது?

ராஜலக்ஷ்மி: நீங்கதாண்ணா! சுண்ணாம்புக் கடையில எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களாமே. கேளுங்க, என் ஓர்ப்படி மகன் ஒருத்தன் இருக்கான். ஐ.டி. கம்பெனி. தங்கமான பையன்.

தியோடர்: தனிப் பையனுக்கெல்லாம் விடறதில்ல.

ராஜலக்ஷ்மி: சரி, புதுசா கல்யாணமான ஜோடி?

தியோடர்: ராத்திரி பத்து மணிக்குத் தாளிப்பாங்க. புகை ஆகாது.

ராஜலக்ஷ்மி: அப்ப ரிடையர் ஆன டீச்சரம்மா ஒருத்தங்க. பாவம், இருமக் கூட மாட்டாங்க.

தியோடர்: வயசானவங்களுக்கு மாடிப்படி ஆகாது.

ராஜலக்ஷ்மி: பின் ரூம் கீழதானே இருக்கு அண்ணா!

தியோடர்: ...கொசு ஜாஸ்தி.

ராஜலக்ஷ்மி: அப்ப யாருக்குத்தான் விடுவீங்க?

தியோடர்: வர வேண்டியவங்க வந்தா விடுவேன்.

ராஜலக்ஷ்மி: அய்யோ, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி அண்ணா, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க! அக்கா, நீங்களாவது சொல்லுங்க... இருங்க, என் குக்கர் கூப்பிடுது. வரேன்கா!

பிரிஜெட்: ...போயிட்டா. ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.

தியோடர்: கேட்டப்புறம்தான் தெரியும்.

பிரிஜெட்: அந்த ரூமை யாருக்கும் விடாதீங்க. எனக்குத் தையல் மெஷின் போடணும். மாதா படம் வைக்கணும்... ஏதோ ஒண்ணு. யாரோ வந்து கட்டிலைப் போட்டுட்டாங்கன்னா, அப்புறம் நமக்கு வேணும்னு தோணுறப்ப அது நம்ம கையில இருக்காது.

தியோடர்: நமக்கு எதுக்கு வேணும்?

பிரிஜெட்: அதை இப்ப சொல்ல முடியாது.

தியோடர்: சொல்ல முடியாததைக் கேக்காத.

பிரிஜெட்: கேப்பேன். கால்ல விழுந்து கேப்பேன். இந்தா விழுறேன்...

தியோடர்: ஏய், எந்திரி! நாலு மாடியிலேர்ந்து பாக்குறாங்க. முட்டி வலின்னு சொன்னே, இப்ப மட்டும் மடங்குதா?

பிரிஜெட்: பாக்கட்டும்! அவ படிச்ச ரூமுங்க அது. செவுத்துல பென்சில்ல அவ உசரம் குறிச்சு வச்சிருந்தீங்களே, அது மேல சுண்ணாம்பு அடிச்சிருப்பீங்கன்னு பயந்துக்கினு நேத்து போயி எட்டிப் பாத்தேன். அந்த ஒரு சாண் செவுத்தை மட்டும் விட்டுட்டு அடிச்சிருக்கீங்க.

தியோடர்: சுண்ணாம்பு தீந்து போச்சு.

பிரிஜெட்: நடுச் செவுத்துலயா தீந்து போவும்? சரி, அது போவட்டும். ஜன்னல் கம்பியில பழைய பெயிண்ட் உரிஞ்சுக்கினு இருந்துதுல்ல? புழுதி பறக்காம, தண்ணி தொட்டுத் தொட்டு உப்புத்தாள்ல தேய்ச்சு எடுத்திருக்கீங்க. ஆனா கீழ்ப்பாதி மட்டும்.

தியோடர்: மேல எட்டலை.

பிரிஜெட்: ஆறடி மனுஷன் நீங்க. எட்டலையா?

தியோடர்: கை வலிச்சுது.

பிரிஜெட்: வலிச்ச கை, கீழ்ப்பாதியை மட்டும் உள்பக்கம் வெளிப்பக்கம்னு பார்த்துப் பார்த்துத் தேய்க்குமா? நான் விரலை வச்சுத் தடவிப் பாத்தேங்க. ஒரு பிசிறு இல்ல. ஜன்னல் திட்டைப் பிடிச்சுக்கினு, எழுந்து நின்னு, அந்தக் கம்பியில வாய் வைக்கிற உசரத்துல இந்த வீட்ல யாரு இருக்காங்க? நானா? நீங்களா?

தியோடர்: ...நாளைக்கு சனிக்கிழமை.

பிரிஜெட்: பேச்சை மாத்தாதீங்க.

தியோடர்: மடத்துக்குப் போவணும்ல நீ?

பிரிஜெட்: ...போவணும்.

தியோடர்: வெயிலுக்கு முன்னாலயே கிளம்பு. கீரையைப் பைக்கு அடியில போட்டு நசுக்காத. ஓமவல்லியில ஒரு கொம்பு ஒடிச்சு ஈரத் துணி சுத்தித் தரேன். நட்டா பிடிச்சுக்கும். மண்ணை இறுக்க வேணாம்னு சொல்லு. இளக்கமா இருந்தாதான் வேர் ஓடுமாம்.

பிரிஜெட்: யாருகிட்ட சொல்றது?

தியோடர்: கீரை திங்கிறவங்ககிட்ட.

பிரிஜெட்: சிஸ்டருங்ககிட்டயா? நெஞ்சுக்குள்ள கல்லைச் சுமந்துக்கினு எத்தனை நாளு நான் பஸ் ஏறுறது... வாயைத் திறந்து சொல்லுங்க, ரெஜினாப்பா! யாருகிட்ட?

தியோடர்: மெதுவாக் கூப்பிடு, ராஜலக்ஷ்மி காதுல விழப் போவுது... இன்னொரு தபா வேணும்னா கூப்பிட்டுக்கோ. அன்னிக்குப் பூச்சிக்கு அரைக்க மிளகாய் டப்பாவைத் திறந்தேன். வத்தலுக்கு அடியில பச்சைக் கண்ணாடி வளையல் இருந்துச்சு. எந்தக் கன்னியாஸ்திரி மடத்துலடி சீமந்தம் பண்றாங்க? இன்னா சொல்லணும்னு கேட்டுக்கோ. தலைப்பிரசவம் தாய் வீட்லதான். நம்ம பொண்ணுக்கு மாமியா வீட்ல பார்த்தாங்கன்னு நாலு பேரு பேசுனா எனக்குத் தலைகுனிவு, அதுக்காகத்தான் கூப்பிடுறேன்னு சொல்லு. நான் இறங்கி வந்தேன்னு மட்டும் சொல்லிடாத. அப்புறம்... அந்த வளையலை எடுத்துக் கையில போட்டுக்கினு போ. ஆசையா குடுத்தனுப்பின சம்பந்தியம்மா உன் வெறுங்கையைப் பார்த்தா, நம்ம வீட்டைப் பத்தி இன்னா நினைப்பாங்க?